உட்காரச் சொல்லாதவர்

"...அது கெடக்கட்டும். இம்மாந்தூரம் போயி வந்தியே, மண்ணு எந்த எடத்துல எடுத்தே, அதச் சொல்லு மொதல்ல."

படப்பையில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு கூரை வீட்டு வாசலில், எண்பது வயதுக் கிழவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். அவள் கையில் பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர். பயணம் போய் வந்தவருக்குக் குடிக்கக் கொண்டுவந்தது. எதிரே அவளுடைய மருமகன், துண்டின் முனையில் முடிந்து வைத்த ஒரு பிடி மண்ணோடு நின்றார். நான் லாரியை ஓரங்கட்டிவிட்டு அவருக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்றேன்.

அவர் என்ன பதில் சொன்னார், கிழவி என்ன செய்தாள் என்பதெல்லாம் இருக்கட்டும். அந்த மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரியாமல் அதைக் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். அவரைச் சேர்ந்தவர்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஒரகடம் கூட்டுரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். அப்போதெல்லாம் அங்கே கூட்டுரோடு என்று சொல்லிக்கொள்ள நான்கு பக்கம் பிரிகிற தார்ச்சாலையும் ஒரு டீக்கடையும் இவர் கடையும்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிற லாரி, வாலாஜாபாத் போகிற லாரி, ஜல்லி வண்டி எல்லாம் அவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஓலைப் பந்தல், காற்றடிக்கிற மெஷின், பாதியாக வெட்டிய டிரம்மில் தண்ணீர். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. முக்காலி கிடையாது. ஒரு கல்கூடப் போட்டு வைக்கவில்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எதிரி வீட்டுக்கு வந்தாலும் முதல் வார்த்தை "உக்காருங்க" என்பதுதான். சண்டை போடுவதாக இருந்தாலும் உட்கார வைத்துவிட்டுத்தான் போடுவோம். இந்த மனிதர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வராது. "வா" என்பார். "இன்னா சேதி" என்பார். "டீ குடிக்கிறியா" என்று கேட்டு அவர் காசிலேயே வாங்கித் தருவார். உட்கார் என்று மட்டும் சொல்ல மாட்டார். நீங்களாக உட்கார்ந்தால் தடுக்கவும் மாட்டார். ஆனால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை தாங்காமல் நாமே எழுந்து நின்றுவிடுவோம்.

நான் முதல் தரம் அங்கே போனபோது விடியற்காலை. கிருஷ்ணகிரியிலிருந்து விடாமல் ஓட்டி வந்திருந்தேன். கழற்றிப் போட்ட டயர் மேலேயே உட்காரப் போனேன்.

"எப்பா, டயருதான் படுத்துகினு கீது. நீயும் ஏன் படுக்கறே? அப்பிடிக்கா நாலு நட நடந்துட்டு வா, இல்லாட்டி கால் மரத்துப் போவும்" என்றார்.

"ஒரு பெஞ்சு போட்டாதான் இன்னா அண்ணாத்தே? குடியா முழுவிடும்?" என்றேன்.

"பெஞ்சு போட்டா ஆள் உக்காருவான். உக்காந்தா கத பேசுவான். கத பேசுனா என் கைக்கு வேல ஓடாது."

லாரிக்காரர்கள் அந்தக் கடைக்கு 'நின்ன கடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். "நின்ன கடையாண்ட நிறுத்து" என்றால் எந்த கிளீனருக்கும் தெரியும். ஒரு தரம் பெரிய அதிகாரி ஒருவருடைய ஜீப் அங்கே பஞ்சர். பித்தான் தெறிக்கிற மாதிரி தொப்பை அவருக்கு. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார். டிரைவர் ஓடி வந்து, "யோவ், ஐயா நிக்கறாரு, கண்ணு தெரியல? உக்காரச் சொல்லுய்யா" என்று சீறினான். இவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "நானும்தான் நிக்கறேன். என்னை யாராச்சும் சொன்னாங்களா?" என்றார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாயைத் திறந்தால் இப்படித்தான் ஏதாவது வரும். நான் இதையெல்லாம் சேர்த்து வைக்கிற ஆள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவனுக்கு மனுஷன் பேச்சுதானே புஸ்தகம்? "டயர் சொல்றதைக் கேளு, டிரைவர் சொல்றதைக் கேக்காதே" என்பார். "நல்ல ரோட்லதான் ஆணி கெடக்கும், கெட்ட ரோட்ல யாரும் நிக்கறதில்ல" என்பார். அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. ஓட்டை எங்கே என்று தெரியாத டியூபைத் தண்ணீரில் அமுக்கும்போது சொல்வார்: "மேல இருக்கற வரைக்கும் எல்லா டியூபும் நல்ல டியூபுதான். தண்ணியில போட்டாத்தான் பேசும்."

இன்னொரு பழக்கமும் இருந்தது. லாரியில் ஏற மாட்டார். பகல் பூரா லாரிக்கு அடியில் கிடக்கிற மனிதர், படப்பைக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். பஸ் வராவிட்டால் நடப்பார். "ஏறிக்கோ, இறக்கிவுட்டுட்டுப் போறேன்" என்று எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறோம். "டயரு வரைக்கும்தான் என்னுது. அதுக்கு மேல உன்னுது" என்று கையைத் துடைத்துக்கொண்டு நடந்துவிடுவார்.

உட்காரச் சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரிந்தது ஒரு கல்யாணத்தில்.

அவருடைய அண்ணன் மகளுக்குப் படப்பையில் கல்யாணம். எனக்கும் அழைப்பு. அண்ணன் இறந்துபோய், பெண் வீட்டில் மூத்த ஆண் இவர்தான் என்பதால் பந்தி விசாரிக்க இவரை நிறுத்திவிட்டார்கள். இலை போட்டாகிவிட்டது, சாம்பார் வாளி வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் கூட்டமாக நிற்கிறார்கள். யாராவது ஒருவர் "வாங்க, உக்காருங்க" என்று கைகாட்ட வேண்டும். இவர் கும்பிட்ட கையோடு நிற்கிறார். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இலையில் வைத்த அப்பளம் நமுத்துப் போயிற்று.

"இன்னாயா, எங்கள உக்காரச் சொல்ல வாய் வலிக்குதா?" என்றார் மாப்பிள்ளையின் மாமன். "வாங்கடா போலாம், மருவாதி தெரியாத வூட்ல கை நனைக்கக் கூடாது." நாலைந்து பேர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் கிழவி உள்ளேயிருந்து வந்தாள். இவருக்குச் சொந்த அத்தை. அவள் மகளைத்தான் இவர் கட்டியிருந்தார். "உக்காருங்க சாமிங்களா, நான் சொல்றேன், எல்லாரும் உக்காருங்க" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வைத்துவிட்டு, பந்தி நடுவில் நின்று சொன்னாள்.

"அவன் மேல கோச்சிக்காதீங்க. என் பொண்ணைக் கட்டிகினு ரங்கூன் போனான். அரிசி மில்லுல வேல. சண்ட வந்து ஜப்பான்காரன் குண்டு போட்டான் பாரு, அப்போ கப்பல்ல எடம் கெடைக்காம ரெண்டு பேரும் நடந்தே வந்தாங்கோ. காடு, மல, ஒரு மாசத்துக்கு மேல நட. என் பொண்ணுக்கு ஜொரம். இந்தியா எல்லைய தாண்டி, இன்னும் மூணு வளைவு எறங்குனா முகாமு, சோறு, டாக்டரு. அங்க அவளால முடியல. இவன்தான் 'நீ இங்கயே உக்காரு, நான் தண்ணி மொண்டுகினு தோ வந்துர்றேன்'னு சொல்லிட்டுப் போனான். திரும்பி வந்து பாத்தா உசிரு இல்ல. உக்காந்தபடியே போயிட்டா. இந்தக் கையாலயே குழி தோண்டி மூடிட்டு வந்தான் என் மருமவன். அதுலேர்ந்து அந்த வார்த்த அவன் வாயில வர்றதில்ல. நாப்பது வருஷம் ஆவப் போவுது."

செருப்பு தேடியவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாப்பிள்ளையின் மாமன் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "இந்தக் கைதானா" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நானும் அழுதேன், மறைப்பதற்கென்ன. இவர் மட்டும் அழவில்லை. கையை மெல்ல உருவிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போய்விட்டார். போய்ப் பார்த்தேன். அண்டாவில் முழங்கை வரை விட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சாப்பிடவே இல்லை அவர், எதற்குக் கழுவினார் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கிழவி அவர் மேல் உயிரையே வைத்திருந்தாள். இவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போனால் மீன் குழம்பு வைத்து, முள் எடுத்துக் கொடுக்காத குறையாகப் போடுவாள். மகளுக்கு மட்டும் அவள் ஒரு காரியமும் செய்யவில்லை. ஆடி அமாவாசைக்குப் புருஷனுக்குப் படைப்பாள், மாமியாருக்குப் படைப்பாள். மகளுக்கு இல்லை.

"எந்த நாளுன்னு இவனுக்கே தெரியல. நடந்ததுல நாள் கெழம போயிடுச்சாம். பொணத்தையும் நான் பாக்கல. எதை வச்சிகினு தண்ணி வுடறது?" என்று என்னிடமே ஒரு தரம் கேட்டாள். "அவள மூடுன எடத்துலேர்ந்து ஒரு பிடி மண்ணு வந்தா போதும். இந்த வாசல்ல வச்சி ஒரு சொம்பு தண்ணி வுட்டுட்டன்னா, அவளும் போயிடுவா, நானும் போயிடுவேன். தாகத்தோட உக்காந்துகினு கீறா என் பொண்ணு."

இதைச் சொல்லும்போதெல்லாம் இவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மறைமலை நகரில் புதிதாக ஆலைகள் வந்துகொண்டிருந்த நேரம், எனக்குத் தூரத்து லோடு ஒன்று வந்தது. தண்ணீர் பம்புகள். பர்மா எல்லைப் பக்கம் இம்பாலில் இறக்க வேண்டும். பெயரைக் கேட்டதும் எனக்குக் கிழவி ஞாபகம் வந்தது. விசாரித்தேன். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் இறங்கிய மலைச்சாலை அங்கிருந்து முப்பது மைலுக்குள்தான் என்றார்கள். என் கிளீனருக்கு அம்மை போட்டிருந்தது. பஞ்சர் போடத் தெரிந்த ஆள் கூட வந்தால் எனக்கும் நல்லது. கூட்டுரோட்டில் நிறுத்திக் கேட்டேன். முடியாது என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? படப்பையில் நிறுத்திக் கிழவியிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் நான் லோடு ஏற்றி வந்து நிறுத்தியபோது அவள் நடந்தே ஒரகடம் வந்திருந்தாள். எட்டு மைலோ என்னவோ, அந்த வயதில். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் அப்போதும் உட்காரச் சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

"நீ போயி அந்த மண்ண எடுத்துகினு வாடா. நான் சாவறதுக்குள்ள எடுத்துகினு வா."

அவர் என் லாரியின் கதவுப் பிடியில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல், ஏறாமல், வெகுநேரம் நின்றார். "இன்னா, ஏறத் தெரியாதா?" என்று கேலி செய்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

ஆந்திரா, ஒரிசா, கல்கத்தா, கௌகாத்தி என்று பதினோரு நாள் பயணம். நான்தான் இருவருக்குமாகப் பேசிக்கொண்டு போனேன்.

இம்பாலில் சரக்கை இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு பாலேல் வரை போனோம். அதைத் தாண்டினால் மலை. செக்போஸ்ட்டில் இருந்த ஜவான் நம் ஆற்காட்டுப் பக்கத்துப் பையன். தமிழ் கேட்டதும் ஓடி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. "மேல கொஞ்ச தூரத்துல பழைய தொட்டி ஒண்ணு கீதுண்ணா. அந்த முகாமு அதான்னு சொல்றாங்க. ரோடு வெட்டும்போது அங்கங்க எலும்பு வந்துதாம். யாருதுன்னு யாருக்குத் தெரியும்? தள்ளி மூடிட்டுப் போயிட்டாங்க."

தொட்டி இருந்தது. சிமெண்ட் தொட்டி, ஆள் மார்பளவு உயரம், பாசி பிடித்து விரிசல் விட்டு. மலையிலிருந்து வரும் குழாயில் இன்னும் தண்ணீர் சன்னமாக ஒழுகியது. பக்கத்தில் குடிசைகள் நின்றதற்கு அடையாளமாகக் கற்கள் வரிசையாகப் புதைந்து கிடந்தன. அவ்வளவுதான். ஒரு பலகை இல்லை, ஒரு சிலுவை இல்லை, ஒரு செங்கல் நட்டு மஞ்சள் பூசக்கூட ஆளில்லை.

தொட்டிச் சுவரைச் சுற்றி வந்தபோதுதான் பார்த்தேன். ஆணியாலோ கத்தியாலோ கீறிய எழுத்துகள். தெலுங்கு, இந்தி, எனக்குத் தெரியாத எத்தனையோ. நடுவில் தமிழும் இருந்தது. பாசியைச் சுரண்டிப் படித்தேன். 'நாங்க முன்னால போறோம்' என்று ஒருவன். 'அம்மா வந்தால் டிமாப்பூர் வரச் சொல்லவும்' என்று ஒருவன். பின்னால் வருகிறவர்களுக்காக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படிக்க யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அந்தத் தொட்டிக்குத்தான் தெரியும்.

"இதுல உங்க எழுத்து எதுனா இருக்குதா?" என்றேன்.

"எனக்கு எழுதத் தெரியாது" என்றார்.

வண்டியிலிருந்த தண்ணீர் கேனை எடுத்தார். அந்தக் குழாயிலேயே வைத்து நிரப்பினார். நிரம்ப நேரமாயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு மலைச்சாலையில் ஏறத் தொடங்கினார். நான் பின்னாலேயே போனேன். முதல் வளைவில் நின்றார். இரண்டாவது வளைவில் நின்றார். மூன்றாவதில் நின்று, நாலாவது வரை போய், மறுபடி மூன்றாவதுக்கு இறங்கினார். ஒரு பக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் பள்ளம். எல்லா வளைவும் ஒரே மாதிரி. ஈரமும் மூங்கிலும் மஞ்சும்.

"எது?" என்றேன்.

"அப்போ இது ஒத்தையடிப் பாத. இப்போ வெட்டிப் பெருசாக்கிட்டாங்கோ" என்றார். "அவ உக்காந்த எடமே இல்ல."

கேனைக் கீழே வைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. தண்ணீர் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு திரும்ப இறங்கினார். தொட்டிக்கு எதிரே ரோட்டோரம், லாரி நிற்கிற மாதிரி சமதரையாக இருந்த இடத்தில் குனிந்து, ஒரு பிடி மண்ணை அள்ளித் துண்டில் முடிந்தார்.

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன்: "ஊர்ல போயி வளைவுல எடுத்ததுன்னே சொல்லிடுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அப்பிடிச் சொல்றது எனக்குப் புதுசில்ல" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கேன் தண்ணீரை என்னையும் குடிக்க விடவில்லை, அவரும் குடிக்கவில்லை. கல்கத்தா தாண்டி அது நாற்றமெடுத்த பிறகு நான்தான் அவர் தூங்கும்போது கொட்டினேன்.

இனி படப்பை வாசல். கிழவி சொம்போடு கேட்கிறாள், மண் எந்த இடத்தில் எடுத்தாய் என்று.

"தொட்டியாண்ட எடுத்தேன் அத்த" என்றார்.

"தொட்டியாண்டயா? அவ மேல, வளைவுலதான உக்காந்தா? குழிய அங்கதான தோண்டுனே?"

அவர் நெற்றியில் கல்யாணப் பந்தியில் பார்த்த அதே வேர்வை. வாய் திறந்தது. இந்தத் தரம் சத்தம் வந்தது.

"உக்காரு அத்த."

நான் திடுக்கிட்டுப் போனேன். கிழவி அதைவிட. சொம்பு கையில் ஆடித் தண்ணீர் அவள் கால் மேல் சிந்தியது. அவரையே பார்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நான் குழி தோண்டல" என்றார். "தண்ணி மொண்டேன். மேல பாத்தேன். மூணு வளைவு ஏறணும். தொட்டிக்கு எதுர்ல லாரி நின்னுகினு இருந்துது. நடக்க முடிஞ்சவன்லாம் ஏறு, இதான் கடைசி வண்டின்னாங்கோ. ஏறிட்டேன்."

தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். கிழவி சொம்பைப் படியில் வைத்தாள்.

"அப்போ அவளுக்கு உசிரு இருந்துதா?"

"இருந்துது. சீக்கிரம் வந்துடுன்னா."

"மொண்ட தண்ணி?"

"வண்டியில நான் குடிச்சிட்டேன்."

கிழவி கையை நீட்டினாள். அவர் துண்டைக் கொடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். மண்ணைப் படிக்குக் கீழே தரையில் கொட்டிக் கையால் குவித்தாள்.

"அப்போ இது நீ நின்ன எடத்து மண்ணு."

"ஆமா அத்த."

அவள் எழுந்து நின்றாள். அவருக்குக் குடிக்கக் கொண்டுவந்த சொம்பை எடுத்து, அந்த மண் கரைந்து வாசலில் ஓடுகிற வரை பாதித் தண்ணீரை அதன் மேல் விட்டாள். மீதியைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்ட உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.